மணலி வழியாக வந்த வயலின்

1986-இல் இளையராஜா ஒரு கேசட் வெளியிட்டார். அதற்குப் படம் இல்லை, கதாநாயகன் இல்லை, பாட்டு வரியும் இல்லை. 'ஹவ் டு நேம் இட்?' என்று தலைப்பே கேள்வியாக இருந்தது. உள்ளே பத்து இசைத் துண்டுகள். தியாகராஜருக்கும் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் அவற்றைக் காணிக்கையாக்கியிருந்தார். தனி வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அதே ஆண்டில் வந்த 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' பாட்டுகள் டீக்கடை, கல்யாணப் பந்தல், டவுன் பஸ் என்று எங்கும் ஒலித்தன. இந்தக் கேசட் மட்டும், பொன்னேரியில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் போக இடம் தெரியாமல் கிடந்தது. கடைக்காரர் அதை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சினிமாத் தட்டில் வைத்தால், "இது என்ன படம்ணே?" என்று கேட்டுவிட்டுத் திருப்பி வைத்தார்கள். கர்நாடக சங்கீதத் தட்டில் எம்.எஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே வருகிறவர்கள் அட்டையில் இளையராஜா பெயரைப் பார்த்ததும் கடந்து போனார்கள். ஆங்கிலத் தட்டில் போனி எம் பக்கத்தில் போனபிறகு யாருமே கைவைக்கவில்லை. கடைசியில் நான்தான் எடுத்தேன்.

நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. ராஜாவைப் பற்றிப் பேசுகிற இடங்களில் இந்த ஆல்பத்தின் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். தலைப்புத் துண்டின் தொடக்கத்தைச் சிலர் வாயால் முணுமுணுத்தும் காட்டுவார்கள். ஆனால் முதல் துண்டிலிருந்து பத்தாவது துண்டுவரை ஒரே இருப்பில் கேட்டவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் ப்ராக்ரஸிவ் ராக் என்று ஒன்று விளைந்திருக்கிறது என்றால் அதன் தலைமகன் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அது மட்டுமல்ல. புகை, இரும்பு, லாரி என்றே பெயர் வாங்கிவிட்ட எங்கள் மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக்கும் இந்த இசைக்கும் ஓர் உறவு இருக்கிறது. அது இருநூறு ஆண்டுப் பழைய உறவு.

'இதில் ராக் எங்கே?' என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ப்ராக்ரஸிவ் ராக்கைக் காட்டியவர் நான் வேலை பார்த்த இரும்பு மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியர். பெரம்பூர்க்காரர், ரயில்வே குடும்பம். நைட் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் லோக்கல் வண்டி ஏறினால் பேசின் பிரிட்ஜ் வரும்வரை இசைதான் பேசுவார். அவர் கொடுத்த முதல் கேசட்டில் ஜெத்ரோ டல் குழுவின் 'பூரே' இருந்தது. 1969-இல் வந்தது. லூட் வாத்தியத்துக்காக பாக் எழுதிய ஒரு நடனத் துண்டைப் புல்லாங்குழலில் எடுத்துக்கொள்கிறார் இயன் ஆண்டர்சன். நடுவில் அதை ஜாஸாக அவிழ்த்துவிடுகிறார். பிறகு பத்திரமாக பாக்கிடமே கொண்டுவந்து சேர்க்கிறார். அடுத்து எமர்சன், லேக் அண்ட் பாமர் வந்தது. ருஷ்ய இசைமேதை முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' தொகுப்பிலிருந்து சில துண்டுகளை எடுத்து மூன்றே பேர் மேடையில் வாசித்து 1971-இல் வெளியிட்ட ஆல்பம். அதற்கடுத்து 'யெஸ்' குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்'. 1972-இல் வந்த அந்த ரெக்கார்டில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும்.

அந்த இங்கிலாந்துப் பையன்களுக்கு மூன்று நிமிஷப் பாட்டு போதவில்லை. எல்.பி. ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிஷம் இடம் இருந்தது. அதை நிரப்பப் பள்ளிக்கூடத்தில் படித்த செவ்வியல் இசை, தேவாலயத்தில் கேட்ட ஆர்கன், கிராமத்து நாட்டார் பாட்டு, அமெரிக்க ஜாஸ் எல்லாவற்றையும் அழைத்து வந்தார்கள். ஏழு, ஐந்து என்று ஒற்றைப்படைத் தாளங்களில் வாசித்தது அவர்களுடைய ஊரில் பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. (மிஸ்ர சாபுவும் கண்ட சாபுவும் கேட்டு வளர்ந்த காதுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.) எலக்ட்ரிக் கிட்டார் அலறுவதால் ஓர் ஆல்பம் ப்ராக்ரஸிவ் ராக் ஆகிவிடுவதில்லை. பல இசை மரபுகளை ஒரே வீட்டில் குடிவைத்து, அவை சேர்ந்து வாழ ஒரு நீண்ட வடிவம் கட்டுகிறார்களே, அந்தக் கட்டுமானம்தான் அதன் உயிர். ராஜாவின் ஆல்பத்திலும் பேஸ் கிட்டார் வருகிறது, ராக் குழுக்கள் தந்த துடிப்பு வருகிறது. அவை இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்லியிருப்பேன்.

கலப்பிசை என்றாலே எல்லோரும் எளிதாகப் பேசுகிறார்கள். ஒரு பக்கம் தபலா, ஒரு பக்கம் கிட்டார், நடுவே ஓர் ஆலாபனை. கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் பாக்கையும் தியாகராஜரையும் சேர்க்க நினைத்தவருக்கு முன்னால் நின்றது சாதாரணச் சிக்கல் இல்லை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பாக்கின் பெருமை ஃப்யூக் என்ற வடிவம். ஒரு குரல் தனியாக ஒரு வரியைச் சொல்லும். அது முடிகிற இடத்தில் இரண்டாவது குரல் அதே வரியைப் பஞ்சமத்தில் எடுக்கும். முதல் குரல் வாய் மூடாது. வேறொரு பக்கவரியைச் சொல்லிக்கொண்டே கூட வரும். பிறகு மூன்றாவது குரல், நான்காவது குரல். எங்கள் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வழி உண்டு. பழுக்கக் காய்ந்த பில்லட் ஒன்றையடுத்து ஒன்றாக ரோலிங் ஸ்டாண்டுகளுக்குள் போகிறது. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் அது மெலிகிறது. மெலிய மெலிய வேகம் கூடுகிறது. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் தனி வேகம். ஆனால் எல்லாம் ஒரே கணக்கில் ஓட வேண்டும். ஒன்று பிசகினாலும் கம்பி மேலே எகிறிச் சுருண்டுவிடும். ஃப்யூக்கிலும் அப்படித்தான். எந்த நொடியை வெட்டிப் பார்த்தாலும் அந்த நொடியில் ஒலிக்கும் சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்கு ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாமல் இருந்தாக வேண்டும்.

நம் இசையில் சுரம் அசைவதுதான் உயிர். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நேராகப் பிடித்துப் பாருங்கள். தோடி அங்கே இருக்காது. ஒரு நேரத்தில் ஒரே குரல், அடியில் தம்பூரா, அந்த ஒற்றைக் கோட்டுக்குள்ளேயே வளைவு, நெளிவு, நடுக்கம், வழுக்கல். போதாக்குறைக்கு ராகத்தில் இல்லாத சுரம் ஒன்று எட்டிப் பார்த்தாலும் ராகம் கெட்டது. ஆக, நான்கு குரல்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் கமகம் அந்த இசைவைக் கலைக்கும். இசைவுக்காக வெளியிலிருந்து சுரம் கொண்டுவந்தால் அது ராகத்தைக் கலைக்கும். இரண்டு பக்கமும் கதவு அடைத்த மாதிரிதான்.

ராஜா இதை எப்படித் தாண்டினார் என்று கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கூட்டமாக வாசிக்கும் தந்திகளை அவர் நேர்சுரத்தில் நிறுத்துகிறார். கமகம் பெரும்பாலும் தனி வயலினுக்கு. கூட்டம் ஓடும்போது தனி வயலின் பேச்சைக் குறைத்துக்கொள்ளும். தனி வயலின் விரிந்து பேசும்போது கூட்டம் அகலமாக, அமைதியாக அடியில் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று மாற்ற முயல்வதில்லை. அவரவர் சட்டம் அவரவருக்கு. நரசிம்மனின் வில் இதற்குத் தகுதியான வில். ஒரு வாக்கியத்தில் கர்நாடகக் கச்சேரி வித்வானாக அசைக்கிறார். அடுத்த வாக்கியத்தில் ஐரோப்பியச் சுத்தத்தோடு நேராக இழுக்கிறார். எந்த இடத்தில் மாறினார் என்று கண்டுபிடிப்பது கடினம். ஒரே மனிதரின் கையில் இரண்டு மரபும் இருந்ததால்தான் இந்த ஆல்பம் சாத்தியமானது. இரண்டு பேரை உட்காரவைத்து மாறி மாறி வாசிக்கவைத்திருந்தால் அது மேடை ஜுகல்பந்தி ஆகியிருக்கும்.

ஏழாவது துண்டின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் பிரெலூட் அதில் வருகிறது. இ மேஜர் ஸ்கேல். நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்கள். மூச்சு விடாமல் ஓடும் இசை அது. ராஜா அதை இடித்துக் கட்டவில்லை. அது தன்போக்கில் ஓட, பக்கத்தில் தன் தந்திகளையும் ஓடவிடுகிறார். புனிதமான ஒன்றில் கைவைத்துவிட்டார் என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1720-இல் எழுதி முடித்த அந்தப் பிரெலூடை பாக்கே பிறகு ஆர்கனுக்கு மாற்றி, சுற்றிலும் வாத்தியக் குழுவை வைத்து, 1731-இல் லைப்சிக் நகர மன்றத்தின் பதவியேற்பு வழிபாட்டுக்காக எழுதிய கான்டாட்டாவுக்கு முகப்பாக வைத்தார். தன் பாட்டுக்குத் துணை சேர்ப்பதில் அவருக்கு மனத்தடை இருந்ததில்லை.

ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் பின்பாதி. ஆறாவது துண்டில் தந்திக்குழு தியாகராஜரை வரவேற்கிறது. ஏழாவதில் ராஜா தன் வீட்டில் பாக்கைச் சந்திக்கிறார். எட்டாவதில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒன்பதாவது, ஒப்பிடாதீர்கள் என்கிறது. பத்தாவது, எதையும் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிடுகிறது. சொல்லே இல்லாத இசைக்குத் தலைப்புகளாலேயே ஒரு கதை கட்டியிருக்கிறார். பாக் 1750-இல் இறந்தார். தியாகராஜர் 1767-இல் பிறந்தார். உலகில் எங்கும் சந்தித்திருக்க முடியாத இருவருக்கு ஒரு தமிழ் இசைக்காரர் தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருக்கிறார். இன்று செல்போனில் ஒரு துண்டு இங்கே, ஒரு துண்டு அங்கே என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதை கிடைப்பதே இல்லை.

பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் கம்யூனிஸ்டு மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர் ராஜா. சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். லண்டன் டிரினிடி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறினார். டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை பயின்றார். வயல், மேடை, ஸ்டூடியோ, சபா என்று நான்கு உலகங்களின் பாஷையும் அவருக்குத் தெரியும். 'ஹவ் டு நேம் இட்?' வருவதற்கு முந்தைய ஆண்டுதான் 'சிந்து பைரவி' வந்தது. அதில் காம்போதியில் பாடிப் பழகிய 'மரி மரி நின்னே' கீர்த்தனையைச் சாரமதியில் வைத்து, கிராமத்துப் பாட்டின் வாலில் கொண்டுவந்து முடித்தார். சபாக்களில் அதற்காகச் சண்டை நடந்தது. தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படத்தில் தியாகராஜரை வயல்வரப்புக்கு அழைத்துப் போனவர், அடுத்த ஆண்டு லைப்சிக்குக்கும் அழைத்துப் போனார் என்றுதான் நான் இந்த ஆல்பத்தைப் பார்க்கிறேன்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் திருவொற்றியூர் தாண்டி வடக்கே வரும்போது மேற்குப் பக்கம் இருப்பது மணலி. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் 1960-களில் வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றி எழுந்த ரசாயன ஆலைகளும் ஞாபகத்துக்கு வரும். காற்றடிக்கிற திசையை வைத்து எந்த ஆலை ஓடுகிறது என்று சொல்லும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தாலும், 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போகும்வரை அது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதியில் மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் அங்கே இருந்தார். கோட்டையில் ஆங்கிலேயர்களோடு தொழில் தொடர்பு உள்ளவர். அவர் ராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை அழைத்துவந்து ஆதரித்தார். அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடகிருஷ்ண முதலியாரும் ஆதரித்தார். ராமசாமி தீட்சிதரின் மூத்த மகன்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். அவர் இளமைக்காலம் மணலியில் கழிந்தது. முதலியாரோடு செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் போய் ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தை அவரும் தம்பியும் கேட்டார்கள்.

அப்படிக் கேட்டதில் இரண்டு விஷயம் பிறந்தது. பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். சங்கராபரணத்தில் அமைந்த அவற்றை நோட்டுசுர சாகித்யங்கள் என்பார்கள். இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'சந்ததம் பாஹிமாம்' பாடுகிற பிள்ளை இங்கிலாந்து நாட்டுப் பண்ணின் மெட்டைத்தான் பாடுகிறது. இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. தம்பி பாலுசாமி தீட்சிதரை வயலின் கற்றுக்கொள்ள முதலியார் ஓர் ஐரோப்பியரிடம் அனுப்பினார். சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இந்தக் குடும்ப வரலாறு இருக்கிறது. பாலுசாமி கற்றுவந்த வாத்தியத்தை நம் இசைக்குப் பொருத்தினார்கள். தோளில் வைத்து நின்று வாசிப்பதை மாற்றி, சம்மணமிட்டு உட்கார்ந்து தலைப்பகுதியைக் காலில் ஊன்றிக்கொண்டார்கள். தந்திகளை ச, ப, ச, ப என்று சுருதி சேர்த்தார்கள். வந்தேறி வாத்தியம் கச்சேரி மேடையின் பிரிக்க முடியாத பக்கவாத்தியம் ஆனது.

நரசிம்மனின் வில் பாக்குக்கும் தியாகராஜருக்கும் நடுவே நடக்கும்போது எனக்கு அந்த மணலி வீடு நினைவுக்கு வரும். தியாகராஜர் உயிரோடு திருவையாற்றில் பாடிக்கொண்டிருந்த காலத்திலேயே, எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஐரோப்பிய வயலினும் நம் ராகமும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன. ராஜா செய்ததை மேற்கிலிருந்து இறக்குமதியான யோசனை என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். ஆண்டர்சனும் எமர்சனும் ராக் பக்கத்திலிருந்து பாக்கைத் தேடிப் போனார்கள். அதே வேலையை வேறொரு திசையிலிருந்து செய்த பழக்கம் இந்த மண்ணுக்கு உண்டு. முத்துசாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்ததாகச் சொல்லப்படும் திருத்தணியும் எங்கள் மாவட்டம்தான். முருகன் கற்கண்டு கொடுத்து அவர் வாயைத் திறந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் பின்னால் போனால் திருவாலங்காடு. அரக்கோணம் பாதையில், திருவள்ளூரைத் தாண்டி இருக்கிற ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்துபோய்ச் சேர்ந்த தலம். அங்கே அவர் பாடிய மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டில் பழந்தமிழ்ச் சுரப்பெயர்களை அடுக்கி, கூடவே தக்கை, கொக்கரை, மத்தளம், வீணை, குடமுழா என்று ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தையே நிறுத்துகிறார். இடம் சுடுகாடு. பேய்கள் சூழ, தோலும் தந்தியும் ஊதுகருவியும் ஒன்றாக ஒலிக்க, நடுவே ஆட்டம். அந்தப் பாட்டைப் படிக்கும்போது சொல்லிலேயே இத்தனை ஒலியை ஒரே நேரத்தில் எழுப்ப முடியுமா என்று வியப்பேன்.

நான் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். ஸ்க்ராப்பை இண்டக்ஷன் பர்னஸில் உருக்கிப் பில்லட் வார்ப்பதும், பில்லட்டைக் கம்பியாக இழுப்பதும் அங்கே பெரிய தொழில். பர்னஸ் ஓடும்போது ஒரு ரீங்காரம் எழும். பவரைக் கூட்டினால் அதன் சுரம் மாறும். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஹெல்பர் பையன் அந்த ரீங்காரத்தையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு தன் ஊர்ப் பாட்டைப் பாடுவான். ஹீட் முடிந்து பர்னஸ் அடங்கினால் அவனும் நிறுத்திவிடுவான். வண்டியில் ஏறினால் ஒரு பெட்டியில் பலகையைத் தட்டிக் கானா, இன்னொரு மூலையில் ஆரம்பாக்கம், சூலூர்ப்பேட்டைப் பக்கத்துத் தெலுங்கு, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எண்ணூரில் ஏறுகிறவர்களின் தேவாலயப் பாட்டு. யாரும் யாருக்காகவும் நிறுத்திக்கொள்வதில்லை. இந்தப் பாதையில் பல ஆண்டு பயணம் செய்தவருக்கு ஒரே நேரத்தில் பல குரல்களைத் தனித்தனியாகக் கேட்கிற பழக்கம் தானாக வந்துவிடும். பாக்கைக் கேட்கத் தேவையான முதல் தகுதி அதுதான்.

எங்கள் மில்லில் பலருக்கு இந்த ஆல்பம் தெரியாமலே தெரியும். பாலு மகேந்திரா 1988-இல் எடுத்த 'வீடு' படத்தில் பாட்டே கிடையாது. பின்னணிக்கு இந்த ஆல்பத்தின் இசையைத்தான் பயன்படுத்தினார். வேலைக்குப் போகிற ஒரு பெண், வயதான தாத்தா, கட்டி முடிக்க முடியாத ஒரு வீடு. அர்ச்சனாவும் சொக்கலிங்க பாகவதரும் நடித்தார்கள். கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ அரை கிரவுண்டு மனை வாங்கி, அஸ்திவாரத்தோடு நின்றுபோய், லோனுக்கு அலைந்த தொழிலாளிக்கு அந்தப் படத்தில் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருமுறை கேன்டீனில் என் டேப் ரெக்கார்டரில் தலைப்புத் துண்டைப் போட்டேன். எங்கள் கிரேன் ஆபரேட்டர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "இது அந்த வீடு கட்டற படத்துல வருமே சார்" என்றார். பாக் யார் என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தாத்தா செத்துப்போன கட்டம் மனசைப் பிசைந்ததைப் பற்றித்தான் பேசினார். அவர் கேட்டதும் இந்த இசையின் ஒரு பாதி என்றே நினைக்கிறேன்.

பிறகு ஏன் இது ஓரத்திலேயே நின்றது? சொல் இல்லாதது முதல் காரணம். நம்மவர்களுக்குப் பாட்டு என்றால் வரி வேண்டும். ராஜாவிடம் வருகிறவர்கள் படத்தோடு சேர்த்தே அவரை எடுத்துக்கொள்ளப் பழகியவர்கள் என்பது இரண்டாவது. பத்துத் துண்டுகளுக்கும் ஆங்கிலத்தில் பெயர் வைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. கேசட்டைக் கையில் எடுத்த எங்கள் ஊர்க்காரர் பலருக்கு அந்தப் பெயர்களே வாசற்படியில் நிறுத்திவிட்டன. இசையிலும் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை. நரசிம்மன் வில்லெடுக்காத சில நிமிஷங்களில் அந்தக் காலத்துத் தாள ஒலி வயதைக் காட்டுகிறது. பாக்கின் பெயரைச் சொல்லும் துண்டுகளைவிடச் சொல்லாத துண்டுகளில் பாக் ஆழமாக இருக்கிறார். ஃப்யூக்காகவே அமைந்த இரண்டாவது துண்டை நான் ஏழாவதைவிட மேலே வைப்பேன்.

ராஜா அங்கேயே நின்றுவிடவில்லை. 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்', 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு திருவாசகம், 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் வாசித்த அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி. நரசிம்மன் 1993-இல் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் தொடங்கி, கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதி வாசிக்கவைத்தார். இவற்றுக்கெல்லாம் வித்து 1986-இல் விழுந்தது. லண்டன் மேடையைப் பற்றி நான் படித்த பத்திரிகைகள் இந்தக் கேசட்டுக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்கவில்லை.

ராஜா எதையும் நோட்டேஷனாகக் கையால் எழுதுகிறவர். பத்துத் துண்டுகளின் நோட்டேஷனும் புத்தகமாக அச்சாகி, இசைக் கல்லூரிகளுக்கும் தேவாலயங்களில் வயலின் கற்கிற பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். கேட்டுக் கேட்டு ஒப்பேற்றி வாசிப்பது வேறு. தாளை முன்னால் வைத்து இரண்டாவது வயலின்காரரின் வரி என்ன, செல்லோவின் வரி என்ன என்று பார்த்து வாசிப்பது வேறு. அந்த ஃப்யூக்கில் எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்பதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பென்சிலால் கோடிட்டுப் படிக்க வேண்டும். அப்புறம் மணலியில், பாலுசாமி தீட்சிதர் வில் பிடித்த ஊரில், முதல் துண்டிலிருந்து பத்தாவது துண்டுவரை வரிசை மாறாமல் ஒரு மாலையில் வாசிக்க வேண்டும். பாட்டு எப்போது வரும் என்று யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொள்வார். ஜெனரல் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் வண்டி பிடித்து வருகிறவர்களும் வந்து உட்காரும்படி ஏழு மணிக்குத் தொடங்கினால் நல்லது.